போறணையில் வெந்த கிற்றார்கள்

போன வெள்ளிக்கிழமை சாய்ந்தமருது மீன் சந்தையில், ஒரு சூரை மீனுக்கு முன்னால் கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். மீன் லேசாகப் பழுதாகத் தொடங்கியிருந்தது. ஐஸ் போட்டு மறைத்திருந்தார்கள். ஆனாலும் மூக்கின் மேல்பக்கம் போய்க் குத்துகிற அந்த மணம் வந்துவிட்டது.

"என்ன தம்பி, மீனுக்கு துஆ கேக்கிறீங்களா?" என்றார் வியாபாரி. பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். வெட்கத்தில் அந்த மீனையே வாங்கிக்கொண்டு வந்தேன். உம்மா ஒருதரம் முகர்ந்து பார்த்துவிட்டு அதைப் பூனைகளுக்கு வெட்டிப் போட்டார்.

உங்களுக்கு அது கெட்ட மீன் மணம். எனக்கு அது கிற்றார் மணம். விஞ்ஞானம் படித்தவன் என்பதால் ஒரு விளக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். மீன் பழுதாகும்போது கிளம்புகிற சாமானும், ரெசினை இறுக வைக்க அதற்குள் ஊற்றுகிற ஹார்டனரும் ஒரே குடும்பம். அமைன்கள் என்று பாடப் புத்தகத்தில் இருக்கும். இந்த அறிவு எனக்கு நல்ல மீன் வாங்க ஒருநாளும் உதவியதில்லை.

அந்த மணத்துக்குள் நான் மூன்று வருடம் வேலை செய்தேன். சாய்ந்தமருதுக் கடற்கரையோரம், தகரக் கூரை போட்ட ஒரு நீண்ட கொட்டிலில், காபன் பைபர் துணியால் கிற்றார் செய்தோம். இப்போதும் யாரிடமாவது சொன்னால், "காபன் எண்டா அந்த பில் புத்தகத்துக்குள்ள வைக்கிற கறுத்தத் தாளா?" என்று கேட்கிறார்கள். கறுப்பு சரி, மற்றது பிழை. இது துணி. சாரம் நெய்கிற மாதிரி நெய்தது. கையில் எடுத்தால் வழுக்கும், வெயிலில் பிடித்தால் பாம்புத் தோல்போல மினுங்கும். அதை ரெசினில் நனைத்து, அச்சில் படிய வைத்து, சூட்டில் இறுக விட்டால் இரும்புபோலத் திடமாகிவிடும். பாரம் மட்டும் ஒரு டொபி டின் அளவுதான்.

கொட்டில் முன்பு பைபர் போட் செய்த இடம். சுனாமிக்குப் பிறகு கரை முழுக்கப் போட் கொடுத்தார்கள், செய்கிற இடங்களும் கொடுக்கிற வேகத்துக்கு முளைத்தன. எல்லோரிடமும் போட் வந்து சேர்ந்ததும் ஒவ்வொன்றாகப் பூட்டுப்பட்டன. அப்படிப் பூட்டிக் கிடந்த ஒன்றைத்தான் ஜவ்பர் காக்கா எடுத்தார். காக்கா என்றால் எங்கள் பக்கம் அண்ணன், ராத்தா என்றால் அக்கா. டுபாயில், பணக்காரர்களின் பாய்க்கப்பல்களுக்குக் காபன் பாய்மரம் செய்கிற ஒரு கம்பனியில் பத்து வருடத்துக்கு மேல் நின்றுவிட்டு வந்தவர். ஊருக்கு வந்து கொஞ்ச நாள் போட் ஒட்டுப்போட்டார். பொத்துவில் பக்கம் வெள்ளைக்காரர்களின் அலைப்பலகைகளுக்கும் ஒட்டுப்போட்டார். அங்கேதான் ஒரு பொடியன், கடல் காற்றுக்கு ஊதி வயிறு தள்ளிப்போன ஒரு மரக் கிற்றாரை மடியில் வைத்துக்கொண்டு, மையத்து வீட்டில் துக்கம் காப்பதுபோல இருந்திருக்கிறான்.

"மரம் உப்புக் காத்துக்கு ஊதுது. காபன் ஊதுமா? ஊதாது. அவ்வளவுதான் நான் யோசிச்ச," என்பார் காக்கா. அவர் யோசித்த எல்லாமே அவ்வளவுதான். மிச்சத்தை அவருடைய கைகள் யோசிக்கும்.

ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். காக்காவுக்கு ஒரு பாட்டும் வாசிக்கத் தெரியாது. எனக்கும் தெரியாது. துணி வெட்டுகிற ஹசீனா ராத்தாவுக்கும் தெரியாது. நீந்தத் தெரியாத மூன்று பேர் சேர்ந்து தோணி செய்கிற மாதிரி, நாங்கள் மூவரும் கிற்றார் செய்தோம்.

சாமான்களும் அப்படித்தான். அச்சுக்கு மேல் பொலித்தீன் ஒட்டி, உள்ளே இருக்கிற காற்றை உறிஞ்சி எடுக்க வேண்டும். அப்போதுதான் துணி அச்சோடு ஒட்டும். அதற்குக் காக்கா ஒரு பழைய பிரிஜ்ஜின் கொம்பிரசரைக் கழற்றிப் பூட்டியிருந்தார். சுடுவதற்கு, உள்ளே தகரம் அடித்த ஒரு பெரிய மரப்பெட்டி, அதற்குள் குண்டு பல்புகள். கோழிக்குஞ்சு பொரிக்கிற பெட்டியின் மூத்த காக்கா என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டு மணித்தியாலம் அதற்குள் வெந்தால்தான் ரெசின் முழுதாக இறுகும். இந்த எட்டு மணித்தியாலத்தை மட்டும் ஞாபகத்தில் வைத்திருங்கள், மற்றதெல்லாம் மறந்தாலும் பரவாயில்லை.

நான் அங்கே போய்ச் சேர்ந்தது வாப்பாவின் போட்டுக்கு ஒட்டுப்போட. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். வாப்பாவுக்குக் கையெழுத்துப் போட நான்தான் காட்டிக்கொடுத்தேன். கெம்பஸ் முடித்து வந்து, முறைப்படி அரசாங்க நியமனத்துக்குக் காத்திருந்தேன். தெருவில் எனக்குப் பட்டதாரி என்று பெயர். அதை மரியாதையாகச் சொல்கிறார்களா, நக்கலாகச் சொல்கிறார்களா என்று கண்டுபிடிப்பது அப்போது என் முழுநேர வேலையாக இருந்தது.

அன்றைக்குக் காக்கா தேத்தண்ணிக் கோப்பையால் ரெசின் அளந்துகொண்டிருந்தார். நூறு ரெசினுக்கு முப்பது ஹார்டனர் என்றால், கோப்பையில் மிச்சம் கிடக்கிற இதற்கு எவ்வளவு என்று தனக்குத்தானே கேட்டார். என் வாய் சும்மா இருக்கவில்லை, விடையைச் சொல்லிவிட்டது. அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "படிச்சிரிக்கியா?" "ஓம் காக்கா." "நாளைக்கி வா."

வீட்டில் சொன்னபோது உம்மா சுளகை வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"கிற்றாரா? ஆர் மனே அத அடிக்கிற?"

"ஆரும் அடிக்கிற இல்ல உம்மா. செய்யிற மட்டுந்தான்."

"மறுகா என்னத்துக்கு செய்யிற?"

அடுத்த நாள் விடிய நான் கொட்டிலுக்குப் போய்விட்டேன்.

ஹசீனா ராத்தா மருதமுனைக்காரி. சின்ன வயதிலேயே தறியில் குந்தியவர். காபன் துணி வெட்டுவது லேசான வேலை இல்லை. கத்தரிக்கோல் கொஞ்சம் சரிந்தாலும் நூல் நூலாகப் பிரிந்து போய்விடும். ராத்தா முதல்நாள் அந்த விலைகூடிய வெளிநாட்டுத் துணியை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இத நெஞ்சவன் அவசரத்துல நெஞ்சிரிக்கான்" என்றாராம். காக்கா பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால், உண்மையாகவே ஒரு இழை தவறியிருந்ததாம். நான் வெட்டப் போனால் மட்டும் ராத்தா துணியைப் பறித்துவிடுவார். "கெம்பஸ்ல கத்தரிக்கோல் புடிக்கிற பாடம் வைக்கல்லியா தம்பி? நீங்க அளவ மட்டும் எழுதுங்க, எழுத்து நல்ல வடிவு."

இனி எங்கள் கிற்றாரின் விசேஷத்துக்கு வருகிறேன். எங்கள் கொட்டிலில் ஒரு கிற்றாருக்கும் கம்பி கிடையாது.

இசைக்கருவி என்றால் மார்க்கத்துக்கு ஆகாது என்று எங்கள் ஊரில் கதை வரும் என்பது உங்களுக்குத் தெரியும். வந்தது. சண்டையாக வரவில்லை, ஹாஜியார் ஒருவர் மூலமாக, தேத்தண்ணி குடித்துக்கொண்டே வந்தது. ஹாஜியார் அரிசி மில் வைத்திருந்தவர், பள்ளிவாசல் ஆட்கள் அவர் சொல்லைக் கேட்பார்கள். காக்கா அவரிடம் ஒரு வாக்குக் கொடுத்தார். நாங்கள் பெட்டியையும் கழுத்தையும் மட்டும் செய்வோம், கம்பி இந்த ஊருக்குள் ஏறாது, சத்தம் வேலியைத் தாண்டாது. ஹாஜியார் யோசித்து, "கம்பி இல்லாட்டி அது ஒரு பெட்டிதானே" என்றார். அதோடு பிரச்சினை முடிந்தது.

ஆகவே எங்கள் கிற்றார்கள் சாக்கு சுற்றி, ஆட்டோவில் தம்பிலுவிலுக்குப் போகும். அங்கே ரவி அண்ணன் இருந்தார், கலியாண வீடுகளுக்கு வாசிக்கிற பாண்ட்காரர். அவர் கம்பி கட்டி, சுருதி பார்த்து, அடுத்த நாளே பொத்துவிலில் விற்கக் கொண்டுபோவார். போனில் அவர் சொல்வதுதான் எங்களுக்குப் பரீட்சை முடிவு. "காக்கா, சாமான் கதைக்குது!" என்றால் நல்லது. காக்கா போனை வைத்துவிட்டு எங்களிடம், "கதைக்குதாம்" என்பார். நாங்கள் செய்த கிற்றாரின் குரலை நாங்கள் போனுக்குள்ளால்தான் கேட்டிருக்கிறோம்.

வேறு எந்த ஊரில் கிற்றார் செய்தாலும், கம்பி கட்டிய நாலு கிற்றாராவது அந்தச் சுவரில் வருடக்கணக்கில் தொங்கும். அதில் ஒன்று வளைந்தால் செய்தவன் கண்ணில் படும். எங்கள் சுவரில் கம்பி இல்லாத பெட்டிகள்தான் தொங்கின. இழுக்கக் கம்பி இல்லாமல் அவை வளைய ஒரு காரணமும் இல்லை. இந்த விஷயம் அப்போது எங்கள் மூன்று பேருக்கும் உறைக்கவில்லை, அதிலும் படித்தவனுக்கு உறைக்கவேயில்லை.

பிறகு கரண்ட் போய்ப் போய் வந்த காலம் வந்தது. மாரி மழையும் அதோடு சேர்ந்தது. எட்டு மணித்தியாலம் வேக வேண்டிய கழுத்துகள் மூன்று மணித்தியாலம் வெந்து, ஆறி, பிறகு இரண்டு மணித்தியாலம் வெந்தன. காக்காவுக்குச் சந்தேகம் இருந்தது. "இது வெந்துதா இல்லியா?" என்று என்னிடம் கேட்டார். நான் ஒரு சோதனை செய்தேன். கழுத்தின் ஒரு முனையை மேசையில் இறுக்கி, மறு முனையில் கம்பியின் இழுவைக்குக் கணக்காக மணல் மூட்டையைத் தொங்கவிட்டு, ஒரு நாள் முழுக்க வைத்துப் பார்த்தேன். மயிரிழையும் அசையவில்லை. கொப்பியில் பதினான்கு கழுத்துக்கும் நேரே "சரி, சரி, சரி" என்று என் வடிவான எழுத்தில் எழுதினேன்.

வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. கொட்டிலுக்குள் ராத்தா முக்காட்டுக்கு மேல் ஒரு துவாயையும் சுற்றிக்கொண்டிருந்தார், அவ்வளவு குளிர். அந்தக் குளிரில் அரைவேக்காட்டு ரெசினும் கல்லாகத்தான் இருக்கும், வெயில் பட்டால்தான் இளகும். மாரியில் சோதித்ததைக் கோடையில் விற்றோம்.

வெள்ளைக்காரர்கள் வருகிற சீசன் தொடங்கிக் கொஞ்ச நாளில் ஒரு வெள்ளைக்காரப் பெண் கொட்டில் வாசலில் வந்து இறங்கினாள். பொத்துவிலில் இருந்து பஸ்ஸில் வந்திருந்தாள். தோளில் எங்கள் கிற்றார், கம்பியோடு. நாங்கள் அறிய எங்கள் ஊருக்குள் ஏறிய முதல் கம்பி அதுதான். காக்கா முதலில் வேலியைப் பார்த்தார், பிறகுதான் கிற்றாரைப் பார்த்தார்.

கழுத்து வில்லைப்போல முன்பக்கம் வளைந்திருந்தது. கம்பிகள் விரலுக்கு எட்டாமல் மேலே நின்றன. மத்தியானம் வேனுக்குள் வைத்துவிட்டுக் கடலுக்குப் போயிருக்கிறாள், வந்து பார்த்தால் இப்படி. அவள் கோபப்படவில்லை, அதுதான் எங்களுக்குக் கஷ்டமாக இருந்தது. இதைச் சுகப்படுத்த முடியுமா என்று மட்டும் கேட்டாள், ஏதோ நோயாளிப் பிள்ளையைக் கொண்டுவந்ததுபோல. காக்கா தன்னுடைய டுபாய் ஆங்கிலத்தில், கிற்றாருக்கு ஒரு வருத்தமும் இல்லை, வருத்தம் எங்களுக்குத்தான் என்றார். அவளுக்கு விளங்கியதோ தெரியாது. கிற்றாருக்குள்ளே நான் எழுதிவைத்திருந்த நம்பரைப் பார்த்தேன். அந்தப் பதினான்கில் ஒன்று.

அன்று பின்னேரமே ரவி அண்ணனின் போன் வந்தது. "காக்கா, இன்னும் மூண்டு வளைஞ்சிட்டு. கடைக்காரன் என்னைக் கண்டா மற்றப் பக்கம் திரும்புறான்."

அப்போது எங்களிடம் கிடந்த காபன் துணி ஒரே ஒரு சுருள். புதிதாக எடுக்க வழியில்லை, நாட்டில் டொலர் இல்லாமல் இறக்குமதியே நின்றிருந்த நேரம். காக்கா அந்தச் சுருளை மேசையில் வைத்துவிட்டு எங்கள் இருவரையும் கூப்பிட்டார்.

"இதுல புதுக் கிற்றார் அஞ்சி செய்யலாம். செஞ்சா அடுத்த சீசன் மட்டும் கொட்டில் ஓடும், மறுகா துணி வந்தாலும் வரும். இல்லாட்டி, வித்த பதினாலுக்கும் புதுக் கழுத்து போடலாம். போட்டா துணி முடியும். துணி முடிஞ்சா கொட்டிலும் முடியும்."

'சரி' என்று எழுதியவன் நான். அந்தக் கொட்டில் வேலைதான் எனக்கு இருந்த ஒரே வேலையும்.

ராத்தாதான் முதலில் வாய் திறந்தார். "பதினாலையும் செய்வம். அந்த அஞ்சையும் செஞ்சி ஆர்ர முகத்துல முழிக்கிற?"

காக்கா என்னைப் பார்த்தார். "பட்டதாரியார் என்ன சொல்றார்?"

"பதினாலு, காக்கா."

"அப்ப சரி. எழுது."

எழுதினேன். அந்தக் கொப்பியில் நான் முழுதாக நம்பி எழுதிய முதல் எண் அதுதான் என்று நினைக்கிறேன்.

கிற்றார்களைத் தேடிப் போவது ரவி அண்ணனுக்கும் எனக்கும் விழுந்த வேலை. பொத்துவிலில் ஒவ்வொரு விடுதியாக ஏறி இறங்கினோம். சில பேர் வளைந்தது தெரியாமலே வாசித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு தாடிக்காரர், வளைந்த பிறகு சத்தம் இன்னும் நல்லாயிருக்கிறது என்று தர மறுத்தார். ரவி அண்ணன் அவருக்கு முன்னால் குந்தி, ஒரு பாட்டு வாசித்து, எந்த இடத்தில் சுருதி விலகுகிறது என்று காட்டிய பிறகுதான் தந்தார். பஸ்ஸில் வரும்போது அண்ணன் சொன்னார், "தம்பி, விக்கிற நேரத்திலகூட நான் இவ்வளவு நல்லா வாசிச்சதில்லை." பன்னிரண்டு கிடைத்தன. இரண்டு நாட்டைவிட்டே போய்விட்டன, ஆட்களின் விலாசம் மட்டும் கிடைத்தது.

என் கணக்குப்படி அந்தச் சுருளில் பதினொரு கழுத்துத்தான் வரும். இரண்டு தரம் கூட்டிப் பார்த்துவிட்டு ராத்தாவிடம் காட்டினேன். அவர் கொப்பியைப் பார்க்கவேயில்லை. பழைய கடதாசி அட்டையில் கழுத்தின் வடிவத்தை வெட்டி, துணிக்கு மேல் தலைமாறித் தலைமாறி அடுக்கினார். ஒன்றின் அகலமான பக்கத்துக்குப் பக்கத்தில் மற்றதன் ஒடுங்கின பக்கம். அரை நாள் அடுக்கினார், கலைத்தார், மறுபடி அடுக்கினார். பிறகு கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு, "பிஸ்மி சொல்லுங்க எல்லாரும்" என்றார். பதினான்கும் வந்தது. மிஞ்சியது ஒரு கைக்குட்டை அளவு.

வேக வைப்பதற்குக் கரண்டை நம்புவதில்லை என்று காக்கா முடிவெடுத்தார். எங்கள் தெருவில் ஒரு பேக்கரி, மா கிடைக்காமல் மூடிக் கிடந்தது. அதன் போறணை, செங்கல்லால் கட்டி விறகால் எரிக்கிற பழைய காலத்துப் போறணை. கரண்டும் வேண்டாம், காஸும் வேண்டாம். பேக்கரிக்காரர் ஒரு நிபந்தனை மட்டும் போட்டார். "பாண் போட்ட போறணை காக்கா. மா வந்து நான் திரும்பப் போடக்க, உங்கட மணம் என்ட பாணுல வரப்படா." வந்தால் புதுச் செங்கல் பதித்துத் தருவதாகக் காக்கா ஒப்புக்கொண்டார். வாக்குக் கொடுப்பதில் அவர் கொஞ்சம் தாராளம்.

விடிய சுபஹு தொழுதுவிட்டு விறகு மூட்டுவோம். தணல் நன்றாகப் பிடித்ததும் வழித்து வெளியே எடுத்துவிட்டு, செங்கல் சூட்டில் கழுத்துகளை வரிசையாக அடுக்கி வாயை மூடுவோம். ஒரு நீண்ட வெப்பமானியோடு நான் போறணை வாய்க்கு முன்னால் குந்தியிருப்பேன். கூடினால் கொஞ்சம் திறப்பேன், குறைந்தால் தணலைத் தள்ளுவேன். எட்டு மணித்தியாலம், ஒரு நிமிடம் குறையாமல். கண் எரியும், முதுகு எரியும். தெருவால் போகிறவர்கள் நின்று கேட்பார்கள்.

"என்ன பட்டதாரி, பாண் போடுறாப் போல?"

"ஓம்."

"என்ன பாண்?"

"கறுத்த பாண்."

மூன்று வருடத்தில் நான் சொன்ன ஒரே நல்ல பகிடி அது. நாலு நாள் சுட்டோம், நாலு நாளும் அதையே சொன்னேன்.

கழுத்து வெந்துவிட்டது. ஆனால் வெந்தது என்று எப்படித் தெரியும்? மணல் மூட்டையை இனி யாரும் நம்பப்போவதில்லை, நானே நம்பவில்லை. கழுத்தைப் பூட்டி, கம்பி கட்டி, கச்சான் காற்று அடிக்கிற கோடை வெயிலில் ஏழு நாள் தொங்கவிட்டுப் பார்க்க வேண்டும். தம்பிலுவிலில் வைக்கலாம் என்று ரவி அண்ணன் சொன்னார். காக்கா சம்மதிக்கவில்லை. "இஞ்ச கம்பி கட்டாமத்தானே இவ்வளவும் நடந்த. நம்மட பிழைய நம்மட வளவுக்குள்ள வெச்சித்தான் பார்க்கோணும்."

அசர் தொழுகை முடிந்து ஹாஜியார் பள்ளிவாசல் படியில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது காக்கா போய் நின்றார். நான் பக்கத்தில்.

"ஹாஜியார், கம்பி கட்டப்போறம்."

"எங்க?"

"கொட்டிலுக்க."

ஹாஜியார் ஒரு காலில் மட்டும் செருப்போடு நின்றார். "அண்டைக்கி என்ன சொன்ன நீ?"

"கம்பி ஊருக்குள்ள ஏறாது எண்டு சொன்ன. இப்ப வித்த சாமான்ல பிழை இரிக்கி ஹாஜியார். கம்பி கட்டி வெயில்ல வெச்சாத்தான் பிழை போயிட்டா எண்டு தெரியும். கட்டாமக் குடுத்தா, திரும்பவும் தெரியாமத்தான் குடுப்பன்."

ஹாஜியார் மற்றச் செருப்பைக் கண்டுபிடித்து, காலில் போட்டு, சரிபார்த்து, இதற்கெல்லாம் நிறைய நேரம் எடுத்தார். அரிசி விற்ற மனிதர். மூட்டையின் மேலே நல்லதும் அடியிலே கெட்டதுமாக வைத்து விற்பவனைப் பற்றி அவர் ஜும்ஆவுக்குப் பிறகு கதைத்ததை நானே கேட்டிருக்கிறேன்.

"பிழைய மூடி விக்கிறது அதவிடப் பெரிய குத்தம். கட்டு. அடிக்கப்படா."

"கம்பிக்கிடையில துணி அடைச்சி வைப்பம்."

"எத்தின நாள்?"

"ஏழு."

"எட்டாம் நாள் ஒரு கம்பியும் இரிக்கப்படா."

ரவி அண்ணன் வந்து பதினான்குக்கும் கம்பி கட்டினார். நாட்டைவிட்டுப் போன இரண்டின் கழுத்துகளை, வேலை முடியாமல் கிடந்த இரண்டு உடம்புகளில் பூட்டினோம். "இவ்வளவு காலமும் உங்கட ஊருக்குள்ளால கம்பியைப் பொக்கற்றுக்க ஒளிச்சுக்கொண்டுதான் போயிருக்கன். இண்டைக்குப் பகல் வெளிச்சத்தில கட்டுறன்," என்று சொல்லிச் சொல்லிக் கட்டினார். ராத்தா மருதமுனைச் சாரத் துண்டுகளைக் கிழித்து, கம்பிகளுக்கிடையில் அடைத்தார். கயிற்றில் வரிசையாகத் தொங்கவிட்டபோது, பல்லு வலிக்காரர்கள் தாடையைக் கட்டிக்கொண்டு நிற்கிற மாதிரி இருந்தன.

இரண்டாம் நாள் கச்சான் காற்று பலமாக அடித்தது. எந்தத் துணி முதலில் கழன்றது என்று தெரியாது. அடிக் குரலில் ஒரு முனகல், பிறகு அதோடு இன்னொன்று. வேலியில் நாலு பேர் கூடிவிட்டார்கள். ராத்தா ஒன்றுக்குத் துணி அடைக்க, மற்றது தொடங்கும். அந்த நேரம் பார்த்து ஹாஜியார் படலையைத் திறந்துகொண்டு வந்தார்.

"ஆர் அடிக்கிற?"

"ஆரும் இல்ல ஹாஜியார். காத்து."

அவர் எங்கள் மூன்று பேரின் கைகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். கிற்றார்களிடம் போனார். ஒன்றின் கம்பிக்குள் துணியை இன்னும் கீழே தள்ளி அடைத்தார், சாக்கு மூட்டைக்கு வாய் கட்டுகிறவரின் விரல்கள். சத்தம் நின்றது. பிறகு கிற்றாரைக் கயிற்றில் இருந்து லேசாகத் தூக்கிப் பார்த்தார். "இவ்வளவு பாரமில்லாத சாமானா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

நான் சொல்ல வந்தது அதுவுமில்லை. ஐந்தாம் நாள் மத்தியானம். ஒவ்வொரு நாளும் உச்சி வெயிலில் நேரான இரும்பு அடிமட்டக் கோலைக் கழுத்தில் வைத்து, இடையில் ஒரு கொப்பித் தாள் போகிறதா என்று பார்ப்பது என் வேலை. நாலு நாளும் ஒன்றிலும் போகவில்லை. அன்றைக்கு ஒன்பதாம் நம்பரில் தாள் போனது.

இழுத்து எடுத்துவிட்டு மறுபடி வைத்தேன். மறுபடியும் போனது. காக்கா லுஹர் தொழுகைக்குப் போயிருந்தார். ராத்தா சோற்றுப் பார்சலை அவிழ்த்துக்கொண்டிருந்தார். ஒரு தாளின் தடிப்பு, வாசிக்கிறவனுக்கே தெரியாது. துணியும் முடிந்துவிட்டது, இதற்குச் செய்ய ஒன்றுமில்லை. கொப்பியில் மேலே எல்லாம் 'சரி'. அதற்குக் கீழே என் பேனா நின்றது. எவ்வளவு நேரம் நின்றது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. ராத்தா பார்சலுக்குள் இருந்து பார்வையைத் திருப்பாமலே, "என்ன தம்பி, எழுத்து மறந்திட்டா?" என்றார்.

காக்கா வந்ததும் சொன்னேன்.

"எத்தின தாள்?"

"ஒண்டு."

"ஒண்டெண்டாலும் வளைவுதான். கழட்டு."

அதைத் திரும்பப் போறணைக்குக் கொண்டுபோனோம். ஒரே ஒரு கழுத்துக்காக ஒரு போறணை விறகு. சுடும்போது அது மூலையில், சூடு குறைந்த இடத்தில் இருந்திருக்க வேண்டும். இந்த முறை நடுவில் வைத்தேன், எட்டு மணித்தியாலமும் வாய்க்கு முன்னாலேயே இருந்தேன். மற்றவை ஏழாம் நாள் இறங்கின. ஒன்பதாம் நம்பர் மட்டும் தனியாகத் தொங்கியது. காக்கா ஹாஜியாரிடம் போய், இன்னொரு ஏழு நாள் கேட்டு வாங்கினார். ஏழு நாளும் தாள் போகவில்லை. கடைசி நாள் கொப்பியில் 'சரி' என்று எழுதினேன். அதை எழுத எனக்கு இரண்டு வாரம் எடுத்தது.

பன்னிரண்டையும் ரவி அண்ணனும் நானும் கொண்டுபோய்க் கையில் கொடுத்தோம். இரண்டு கழுத்துகளைத் தபாலில் அனுப்பினோம், எப்படிப் பூட்டுவது என்று படம் கீறி வைத்து. போய்ச் சேர்ந்ததாக இரண்டு பேரும் எழுதியிருந்தார்கள். அதற்குப் பிறகு செய்ய ஒரு முழம் துணியும் இல்லை. காக்கா அச்சை மரம் அரிகிற வாளால் இரண்டாக அறுத்தார். ராத்தா ஏன் என்று கேட்டதற்கு, "அச்சி கிடந்தா கண்டதையும் போட்டுச் செய்யச் சொல்லும்" என்றார். டுபாய்க்கே திரும்பிப் போனார். ராத்தா இப்போது வீட்டில் உடுப்பு வெட்டித் தைக்கிறார். எனக்கு நியமனம் வந்தது. கதிரை இருக்கிறது, மின்விசிறி இருக்கிறது, நான் போடுகிற 'சரி'க்குக் கீழே இன்னும் மூன்று பேர் போடுவார்கள்.

கொட்டிலைப் பார்க்க நீங்கள் வந்தால் காட்ட முடியாது. தகரத்தைக் கழற்றிக்கொண்டு போனார்கள், அது எல்லா இடத்திலும் நடப்பதுதான். ஆனால் அந்த வளவே போய்விட்டது. இரண்டு வருடமாகக் கடல் கரையை அரித்து அரித்து, முதலில் வேலி போனது, பிறகு தென்னைகள் சரிந்தன, பிறகு நாங்கள் நின்று வேலை செய்த சீமெந்துத் தரை துண்டு துண்டாக உடைந்து இறங்கியது. இப்போது அந்த இடத்தில் அலை உடைகிறது. பேக்கரியும் திறக்கவில்லை. போறணையை இடித்து, செங்கல்லை வீட்டுக்கு அத்திவாரம் போட எடுத்துவிட்டார்கள்.

அந்தப் பதினான்கு கழுத்துகளின் தலைக்குப் பின்னாலும் காக்கா ஒரு துண்டு ஒட்டச் சொல்லியிருந்தார். ஏதாவது பிழை கண்டால் அழைக்கவும் என்று, கொட்டிலின் போன் நம்பரோடு. அந்த சிம் என்னிடம் இருக்கிறது. ஒரு பழைய போனில் போட்டு, உயிரோடு வைத்திருக்கிறேன். இதுவரை ஒரு அழைப்பும் வரவில்லை. உம்மாவுக்கு இது பெரிய யோசனை.

"கொட்டிலும் இல்ல, போறணையும் இல்ல, துணியும் இல்ல. இனி அவங்க கோல் எடுத்தா நீ என்ன சொல்லுவா?"

"வாறன் எண்டு சொல்லுவன் உம்மா."

"ஏன், அவங்களைக் கொண்டுவரச் சொல்லன்."

"எங்க கொண்டுவாற உம்மா? இஞ்ச இடமே இல்லியே. நான்தான் போகோணும்."